காலை பதினொரு மணி சீரியல்: அமெரிக்காவில் ஒரு தமிழ் சேனல் பேக் வாங்கிய அனுபவம்

2025 மே 10-ஆம் தேதி அம்மாவும் அப்பாவும் நுவார்க்கில் வந்து இறங்கினார்கள். விசிட்டர் விசா, ஆறு மாதம். நியூஜெர்சியில், எடிசனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, ரசம் சோறு சாப்பிட்டு, பதினாறு மணி நேரம் தூங்கி எழுந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "அம்மிணி, இங்க டிவில நம்ம சேனலெல்லாம் வருமா?"

வராது. எங்கள் வீட்டு டிவி, மகள் கார்ட்டூன் பார்க்கவும் நாங்கள் பாதிப் படம் ஓடும்போதே சோபாவில் தூங்கிப்போகவும் இருக்கிற ஒரு சாமான். கேபிள் கிடையாது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய இருபது டாலர் ஆன்டெனாவில் நியூயார்க்கின் உள்ளூர் சேனல்கள் காசில்லாமல் வரும், அதோடு சரி.

முதலில் நான் அம்மாவை மாற்றத்தான் பார்த்தேன். சீரியல்தானே, அந்தந்தச் சேனலின் ஆப்பில் எபிசோடு வந்துவிடுகிறது, நினைத்த நேரத்தில் பார்க்கலாம், விளம்பரத்தைக்கூடத் தள்ளிவிடலாம் என்று என் மேதாவித்தனத்தையெல்லாம் காட்டினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது ஆறுன காப்பி, கண்ணு" என்றாள்.

விஷயம் என்னவென்றால், கோபியில் அம்மா தினமும் எட்டரைக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று என்று இரண்டு சீரியல் பார்ப்பாள். ஒன்பதரைக்கு அந்தியூரிலிருந்து பெரியம்மாவின் போன் வரும். அன்றைக்கு யார் யாரை என்ன சொன்னார்கள், அந்த மாமியார்க்காரி எப்படி அப்படிப் பேசலாம் என்று அரைமணி நேரம் ஓடும். பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். அம்மா தள்ளிப் பார்த்தால் பெரியம்மா கதையை முந்திச் சொல்லிவிடுவார், இல்லையென்றால் சொல்லாமல் வாயை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டுமே அந்த வீட்டில் நடக்காத காரியம். ஆகவே லைவாக வர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. இந்த விமர்சனத்தை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

என்னென்ன வழி இருக்கிறது என்று இரண்டு நாள் தேடினேன். 2000-களில் இங்கே வந்து குடியேறிய எங்கள் சீனியர்கள் வீட்டு மேலேயோ அபார்ட்மென்ட் பால்கனியிலேயோ குடை வைத்து சாட்டிலைட்டில் தமிழ் சேனல் பார்த்தார்கள். பால்கனியில் ஒரு மீட்டருக்குள் இருக்கும் டிஷ்ஷை வீட்டுக்காரர் தடுக்க முடியாது என்று 1999-இலேயே இங்கே விதி வந்துவிட்டது, அதனால் அந்தக் காலத்து அபார்ட்மென்டுகளைப் பார்த்தாலே இந்தியர்கள் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்று தெரியும் என்பார்கள். ஆறு மாதத்துக்காக ஆளைக் கூப்பிட்டுக் குடை மாட்ட எனக்கு மனசில்லை. கணவரின் நண்பர் ஒருவர், "ஒரு பாக்ஸ் இருக்குங்க, ஒரு தடவை இருநூத்தம்பது டாலர் கட்டிட்டா ஆயுசுக்கும் ஆயிரம் சேனல்" என்றார். ஆயிரம் சேனலை யாரிடமிருந்து வாங்கி எனக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். சிரித்தார். அந்த பாக்ஸின் ஆயுசு ஆகஸ்டில் முடிந்துபோனது வேறு கதை.

கடைசியில் ஒரு ஸ்ட்ரீமிங் சேவையில் தமிழ் ஆட்-ஆன் பேக், அதாவது கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் தமிழ் சேனல் தொகுப்பு, வாங்கினேன். பெயர் சொல்லப்போவதில்லை. குறை நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவுமில்லாமல் இந்த மாதிரி பேக் வைத்திருக்கும் தோழிகள் எல்லோரும் சொல்வதும் ஏறக்குறைய இதே கதைதான்.

வாங்கும் இடத்திலேயே ஒரு சிக்கல். பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவதெல்லாம் ஆங்கில அடிப்படைத் திட்டங்கள். செய்தி, விளையாட்டு, சமையல், வீடு புதுப்பித்தல் என்று ஒரு மூட்டை. அதை வாங்கினால்தான் மேலே ஆட்-ஆன் வைக்க முடியும் என்பது போலவே பக்கம் அமைந்திருக்கிறது. இந்த ஊரில் அடிப்படைத் திட்டம் ஒன்றும் லேசான செலவில்லை. யூடியூப் டிவி 2017-இல் வந்தபோது மாதம் 35 டாலர், 2025 ஜனவரியில் 82.99 ஆகிவிட்டது. மற்றவையும் அந்த வழியிலேயே போய்க்கொண்டிருக்கின்றன. சாட்டில் வந்த ஆளும் "ஆமாம், முதலில் அடிப்படைத் திட்டம்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மெனுவின் அடியில் 'சர்வதேசம்' என்று பொடி எழுத்தில் இருந்ததை அழுத்தி, மொழியைத் தேர்ந்தெடுத்தால், தமிழ் மட்டும் தனியாக மாதம் 20 டாலர் என்று வருகிறது! அடிப்படைத் திட்டம் தேவையே இல்லை. இதைப் படிப்பவர்கள் யாராவது அப்பா அம்மாவுக்காக வாங்கப் போகிறீர்கள் என்றால், முகப்புப் பக்கத்தை நம்பாதீர்கள், மெனுவின் கடைசி வரி வரைக்கும் போய்ப் பாருங்கள். சில சேவைகளில் இப்படித் தனியாக ஆட்-ஆன் மட்டும் வாங்க முடிகிறது, சிலவற்றில் முடியாது. கார்டு நம்பரைத் தட்டுவதற்கு முன்னால் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மே 12, திங்கள்கிழமை சாயங்காலம் பணம் கட்டினேன்.

பேக்கில் முப்பத்தெட்டு சேனல் என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், இருந்தது. அதில் எட்டு செய்திச் சேனல். தந்தி டிவி, புதிய தலைமுறை, பாலிமர், சன் நியூஸ் எல்லாம் யூடியூபிலேயே இருபத்து நான்கு மணி நேரமும் லைவாக ஓடுகின்றன. அப்பா அவற்றைத் தன் போனில் பார்த்துக்கொண்டார், பேக்கில் ஒரு நாளும் தேடவில்லை. பக்திச் சேனல்கள் ஐந்தாறு. பாட்டுச் சேனல், காமெடிச் சேனல், பழைய படங்களையே சுற்றிச் சுற்றிப் போடும் சேனல். கடைசியில் எங்கள் வீட்டில் நிஜமாக ஓடியவை மூன்று. அந்த மூன்றும் இருந்ததால்தான் வாங்கினேன், மற்ற முப்பத்தைந்தும் இலவசமாகக் கொடுத்த கறிவேப்பிலை.

படத் தரம் பரவாயில்லை. பெரிய சேனல்கள் தெளிவாக வந்தன. சின்னச் சேனல்கள் சிலவற்றில் படத்தை அகலமாக இழுத்துவிட்டிருந்தார்கள், செய்தி வாசிப்பவர்கள் எல்லோரும் அம்மைக்கட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். இந்தப் பேக்கின் சேனல்கள் இந்திய நேரப்படிதான் ஓடின. கோடையில் நியூஜெர்சிக்கும் இந்தியாவுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு எட்டரை என்றால் இங்கே காலை பதினொன்று. எனவே எங்கள் வீட்டின் பிரைம் டைம் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. அம்மா ஒரே வாரத்தில் நாளைத் திருப்பிப்போட்டுக்கொண்டாள். பத்தரைக்குள் சாம்பாரும் பொரியலும் முடிந்துவிடும், குக்கர் அடங்கும், கை துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். நான் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். மேல் அறையில் மீட்டிங்கில் இருக்கும்போது கீழே டைட்டில் பாட்டு கேட்டால் மணி பதினொன்று என்று அர்த்தம். திருமலையில் அதிகாலை சுப்ரபாதம் பாடும்போது இங்கே முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரை. அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள், அந்த நேரத்துக்கு விளக்கேற்றிவிட்டாள். பெருமாள் எழுந்திருக்கிற நேரம் நமக்கு விளக்கு வைக்கிற நேரம், தப்பில்லை என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு அந்தியூர் போன். இதில் ஒரு வேடிக்கை. முதல் வாரம் பெரியம்மா ஆவல் தாங்காமல் சீரியல் ஓடும்போதே கூப்பிட்டுவிட்டார்.

"பாத்தியா, வந்துட்டா பாரு!"

"யாரு அக்கா? இங்க இன்னும் அவ வண்டியே வல்லையே."

"வந்து கதவத் தட்டிட்டாள்ல!"

அம்மா டிவியைப் பார்க்கிறாள், போனைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். ஏறக்குறைய ஒரு நிமிஷம் கழித்து எங்கள் டிவியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. லைவ் என்று பெயர்தானே தவிர ஸ்ட்ரீமிங் லைவ் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். வருகிற படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, சுருக்கி, ஊர் ஊராக இருக்கும் சர்வர்களுக்கு அனுப்பி, நம் டிவி அதில் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே ஓட்ட ஆரம்பிக்கிறது. நெட் கொஞ்சம் திணறினாலும் படம் நிற்காமல் இருக்க இந்த ஏற்பாடு. அந்தியூர் கேபிளில் அந்தச் சடங்கெல்லாம் இல்லை. அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், இரண்டாவது சீரியலின் கடைசி விளம்பரம் முடியும் வரைக்கும் போன் கூடாது. பெரியம்மா ஆறு மாதத்தில் நான்கைந்து தடவை ஒப்பந்தத்தை மீறினார்.

ரிமோட் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அம்மாவுக்கு கோபியில் சேனலெல்லாம் நம்பர்தான். கண்ணை மூடிக்கொண்டு மூன்று எண்ணைத் தட்டினால் வந்து நிற்கும். இங்கே டிவியில் செருகியிருக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கின் ரிமோட்டில் எண்களே கிடையாது. ஒரு வட்டம், நடுவில் ஒரு பொத்தான், வீடு போட்ட ஒரு பொத்தான். ஆப்பைத் திறந்து, இடதுபக்க மெனுவில் கைடு என்ற நிகழ்ச்சிப் பட்டியலுக்குப் போய், ஆங்கில அகரவரிசையில் இருக்கும் சேனல் பெயர்களில் கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். சன் டிவி எஸ்ஸில் இருக்கிறது, கிட்டத்தட்ட கடைசி. நாங்கள் வேலைக்குப் போயிருக்கும் நாட்களில் அம்மா எங்கேயாவது மாட்டிக்கொள்வாள். ஒரு நாள் மத்தியானம் வந்து பார்த்தால் டிவியில் ஸ்பானிஷ் நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது, அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "எப்படிப் போறதுன்னு தெரியல. இதும் சீரியல்தான் போல, அழுதுட்டே இருக்காங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் மூன்று சேனலையும் விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தேன். ஆப்பைத் திறந்ததும் மேல் வரிசையில் அவைதான் நிற்கும். அதோடு தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில், 'வீடு பொத்தான் ஒரு தடவை, கீழே இரண்டு, நடுப் பொத்தான், வலது ஒன்று, நடுப் பொத்தான்' என்று எழுதி டிவி ஸ்டாண்டில் ஒட்டினேன். ஆப்பை அப்டேட் செய்து இடம் மாற்றும் வரைக்கும், அதாவது சரியாக ஐந்து வாரம், அந்தச் சீட்டு வேலை செய்தது. அப்புறம் புதுச் சீட்டு. மூன்று சீட்டு எழுதினேன். அப்புறம் அந்த, 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்ற கேள்வி. நாலு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் திரையை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் கேட்கும். முதல் தடவை அம்மா பயந்துபோய் ஆபீஸுக்கே போன் செய்துவிட்டாள், ஏதோ கம்பெனிக்காரன் கேள்வி கேட்கிறான், என்ன பதில் சொல்லட்டும் என்று.

விளம்பர இடைவேளைதான் இந்தப் பேக்கின் பெரிய கோளாறு. இந்திய விளம்பரங்களை இங்கே போடுவதில்லை. அந்த இடத்தில் விற்பதற்கு உள்ளூர் விளம்பரம் கிடைத்தால் போடுகிறார்கள்: பணம் அனுப்பும் ஆப், இமிக்ரேஷன் வக்கீல், பாஸ்மதி அரிசி. கிடைக்காத நேரத்தில் ஒரு நீலத் திரை, 'சற்று நேரத்தில் திரும்புவோம்' என்று ஆங்கிலத்தில், பின்னணியில் கீபோர்டில் வாசித்த பதினைந்து விநாடி இசை. ஐந்து நிமிஷ இடைவேளைக்கு அந்தப் பதினைந்து விநாடியை இருபது தடவை போடுவார்கள். அரைமணி சீரியலில் இரண்டு மூன்று இடைவேளை, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூலையில் என் மகள் ஸ்கூல் புராஜெக்டுக்குப் படம் வரைந்துகொண்டே அந்த மெட்டை முணுமுணுப்பதைக் கேட்டேன். பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இதற்குப் பதில் அங்கே ஓடும் சோப்பு விளம்பரத்தையே போட்டுத் தொலைக்கலாம், அதிலாவது தமிழ் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் படமும் நிச்சயமில்லை. கைடில் படத்தின் பெயர் இருக்கும், நேரம் வந்ததும் 'இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று நிற்கும். படத்தை டிவியில் போடும் உரிமையை நாடு வாரியாகப் பிரித்து விற்கிறார்கள், சேனல் இந்தியாவுக்கு மட்டும் வாங்கியிருந்தால் இங்கே திரையை மூடித்தான் ஆக வேண்டும். காரணம் நியாயம்தான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மூடப்போகும் திரையை, முந்தின நாளே கைடில் ஒரு குறி போட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? அப்பா பாப்கார்ன் பொரித்து வைத்துவிட்டு உட்கார்ந்த நாளில் கேட்ட கேள்வி இது.

அப்பாவின் கணக்கு கிரிக்கெட். அவருக்காகத் தனியாக மாதம் பத்து டாலருக்கு ஒரு கிரிக்கெட் சேனலையும் அதே மே 12-இல் சேர்த்தேன். என்ன ராசியோ, மே 9-ஆம் தேதிதான் எல்லையில் சண்டை என்று ஐபிஎல்லை நிறுத்தியிருந்தார்கள். மே 17 வரைக்கும் மேட்சே இல்லை. பழைய மேட்ச்களைப் போட்டார்கள், அப்பா அதையும் முடிவு தெரியாதவர் போல உட்கார்ந்து பார்த்தார். திரும்ப ஆரம்பித்தபோது சென்னை அணி ஏற்கனவே வெளியே. மே 25 ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து குஜராத்தோடு கடைசி மேட்ச்சைப் பார்த்தார். 230 அடித்து 83 ரன்னில் ஜெயித்தார்கள், பட்டியலில் கடைசி இடமும் அப்படியே இருந்தது. "இத முன்னாடியே ஆடியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துவிட்டார்.

ஆனால் அந்தப் பத்து டாலருக்கு முழு மதிப்பு கிடைத்தது இங்கிலாந்து டெஸ்ட்டில். அங்கே காலை பதினொன்றுக்கு ஆட்டம் என்றால் எங்களுக்குக் காலை ஆறு. டிவி சும்மா இருக்கும் நேரம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆகஸ்ட் 4, ஓவல் மைதானத்தில் கடைசி நாள். இங்கிலாந்துக்கு 35 ரன், நமக்கு நான்கு விக்கெட். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, கட்டுப் போட்ட கையை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு வோக்ஸ் இறங்கி வருகிறார், சிராஜ் கடைசி ஸ்டம்ப்பைச் சாய்க்கிறார், ஆறு ரன்னில் ஜெயம். அப்பா போட்ட சத்தத்தில் மகள் எழுந்து ஓடி வந்தாள். படம் ஒரு தடவைகூட நின்று சுற்றவில்லை. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.

மறுநாளே கிரிக்கெட் சேனலை நிறுத்தினேன், பெரிய தொடர் முடிந்துவிட்டதே என்று. என் கணக்குப் பக்கத்தில் போய் ரத்து என்று அழுத்தினேன், 'வருந்துகிறோம்' என்று ஒரு பக்கம் வந்தது, முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. கடைக்குப் போய்விட்டு வந்தால் அப்பா துபாயில் நடக்கும் இந்தியா–பாகிஸ்தான் மேட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அப்பா, இந்தச் சேனலத்தான் நிறுத்தியாச்சே?"

"அப்படியா? எனக்குத் தினமும் வருது."

கார்டு பில்லைத் திறந்து பார்த்தேன். ஆகஸ்ட் 12-இல் பத்து டாலர், செப்டம்பர் 12-இல் பத்து டாலர். நடந்தது இதுதான்: தமிழ் பேக்கை நான் கம்ப்யூட்டரில், சேவையின் பக்கத்திலேயே வாங்கினேன். கிரிக்கெட்டை அன்று ராத்திரி சோபாவில் உட்கார்ந்து, ரிமோட்டாலேயே, டிவியில் வாங்கினேன். அப்படி வாங்கினால் பணம் போவது ஸ்டிக்கை விற்ற நிறுவனத்தின் கடை வழியாக. அதை அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டும். இங்கே ரத்து என்று அழுத்தியதற்கு என்ன அர்த்தம் என்று நாற்பது நிமிஷம் சாட்டில் கேட்டேன். அவர்கள் இவர்களைக் கைகாட்டினார்கள், இவர்கள் அவர்களை. கடைசியில் செப்டம்பர் மாதத்துப் பத்து டாலரைத் திருப்பித் தந்தார்கள், ஆகஸ்ட் போனது போனதுதான். அப்பா மட்டும் ஆசியக் கோப்பையை முழுசாகப் பார்த்து முடித்தார்.

சந்தாவை எவ்வளவு சுலபமாகச் சேர்க்கிறார்களோ அவ்வளவு சுலபமாக நிறுத்தவும் வழி வைக்க வேண்டும் என்று இங்கே மத்திய வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தது. அமலுக்கு வர ஒரு வாரம்கூட இல்லாதபோது, 2025 ஜூலையில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. விதியை உருவாக்கிய முறை சரியில்லையாம். என் பத்து டாலர் அந்த இடைவெளியில் விழுந்த காசு. ஆட்-ஆன் வாங்குபவர்கள் எதை எந்த வழியில் வாங்கினோம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிவி ரிமோட்டால் எதையும் வாங்காதீர்கள்.

பில் கதை தெரிந்ததும் அப்பா கோபி கேபிள் கதையை எடுத்தார். 2011-இல் அரசு கேபிள் மாதம் எழுபது ரூபாய்க்கு வந்தது. 2019-இல் ட்ராய், அதாவது கேபிள் கட்டணத்துக்கு விதி போடும் மத்திய ஆணையம், விதியை மாற்றியபோது 130 ரூபாயும் வரியும் சேர்த்து 153 ரூபாய் 40 காசு அடிப்படை, அதற்கு நூறு சேனல், கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. கேபிள்காரர் கொடுத்த தாளில் அப்பா பேனாவை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க டிக் அடித்தார். சன் டிவி 19 ரூபாய், கே டிவி 19 ரூபாய் என்று கூட்டிக் கழித்து, அம்மாவின் ஒரு சேனலை வெட்டிவிட்டு, மறுநாள் காலையிலேயே திரும்பச் சேர்த்தார். "அங்க ஒத்தச் சேனலா பொறுக்கி எடுக்க விட்டாங்க. இங்க மூணு சேனலுக்கு முப்பத்தெட்டையும் தலையில கட்டறாங்க. ஆயிரத்து எழுநூறு ரூவா!" என்றார். பொறுக்கலாம் என்று விதி வந்தபோதும் சேனல்காரர்கள் தொகுப்பைத் தனி விலையைவிடச் சல்லிசாக வைத்துவிட்டார்கள், பாதிப் பேர் கடைசியில் தொகுப்புக்கே போனார்கள் என்பதை நான் நினைவுபடுத்தினேன். அப்பா கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மூன்று சேனலை, சேனலுக்கு மூன்று டாலர் என்று கொடுத்தால் நான் வருஷம் முழுக்க வைத்துக்கொண்டிருப்பேன்.

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் தம்பி வீட்டுக்கு, வர்ஜீனியாவுக்கு, பத்து நாள் போனார்கள். அவன் டிவியில் என் கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். ஊர் மாறிவிட்டது, வீட்டு நெட் இல்லை என்றெல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடியது. ஒரே நேரத்தில் ஒரு திரையில்தான் பார்க்க முடியும் என்பது மட்டும் கட்டுப்பாடு, அங்கே அம்மா பார்க்கும்போது இங்கே நாங்கள் யாரும் தமிழ் சேனல் பார்க்கப் போவதில்லை.

இனி நவம்பர் 3. ஒன்பதாம் தேதிக்குள் கிளம்ப வேண்டும், பெட்டி கட்டும் வாரம். முந்தின ஞாயிறு அதிகாலை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். அடுப்புக் கடிகாரத்தைக்கூட மாற்றி வைத்த எனக்கு அம்மாவின் சீரியல் ஞாபகத்துக்கு வரவில்லை. இந்தியாவில் கடிகாரம் மாறுவதில்லை, ஆகவே எட்டரை மணி சீரியல் இங்கே பத்து மணிக்கே வந்துவிட்டுப் போய்விட்டது. அம்மா வழக்கம்போலச் சமையலை முடித்து, கை துடைத்துக்கொண்டு, பதினொரு மணிக்கு வந்து உட்கார்ந்தால் வேறு ஏதோ ஓடுகிறது. இரண்டுமே போய்விட்டது. திரும்பப் பார்க்கும் வசதி இந்தப் பேக்கில் உண்டு, மூன்று நாள் வரைக்கும். ஆனால் எல்லாச் சேனலுக்கும் கிடையாது. எட்டரை மணிக்காரச் சேனலுக்கு இல்லை. ஒன்பது மணிக்காரச் சேனலுக்கு உண்டு. வாங்கும்போது எந்தச் சேனலுக்கு உண்டு என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை, அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மற்றொன்றைப் பெரியம்மா போனில் முக்கால் மணி நேரம் வசனத்தோடு நடித்துக் காட்டினார், அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

எட்டாம் தேதி ஏற்றிவிட்டோம். பேக் பதினொன்றாம் தேதி ராத்திரி வரைக்கும் இருந்தது. பத்தாம் தேதி திங்கள்கிழமை, பத்து மணிக்கு எனக்கு மீட்டிங் ரத்தாகிவிட்டது. கீழே போய் டிவியைப் போட்டேன். ஆறு மாதமாகப் படி இறங்கும்போதெல்லாம் காதில் விழுந்த கதை, யார் யார் என்று எனக்கே தெரிந்திருந்தது. அந்தப் பெண் கடைசியில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். முடிந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கம், இன்னும் நேரம் சரியாகவில்லை, சாயங்காலம் ஆறு மணிக்கே படுத்துவிட்டாளாம், சீரியல் பார்க்கவில்லை.

"என்னாச்சு, சொல்லு" என்றாள்.

சொன்னேன். "அப்படிப் போடு" என்றாள். அப்புறம், கதையை நான்தான் சொன்னேன் என்று பெரியம்மாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் ஒரு உறுதி வாங்கிக்கொண்டாள், எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

பேக்குக்கு ஐந்துக்கு மூன்று. சேனல்களுக்கும் நிற்காத படத்துக்கும் அந்த மூன்று. நீலத் திரைக்கும் பில்லுக்கும் போனது இரண்டு. ஆறு மாதத்தில் மொத்தம் 160 டாலர் ஆனது. பதினொன்றாம் தேதி ராத்திரி, வாங்கிய அதே கம்ப்யூட்டரில், வாங்கிய அதே பக்கத்துக்குப் போய் ரத்து செய்தேன். மூன்று மாதம் பாதி விலைக்குத் தருகிறோம் என்று இரண்டு தடவை கேட்டது, இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன். உறுதி மின்னஞ்சல் வந்திருக்கிறது, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். டிசம்பர் 12 பில்லைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.